தத்துக் குற்றங்கள் கதையாகும்போது: பொய்ப் பத்திரங்களும் மலையகத் தாய்மாரும்

1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 11,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. இவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் நெதர்லாந்துக்குச் சென்றனர். வளர்ந்தபின் தாயைத் தேடி வந்தவர்களில் பலருக்குக் கையிலிருந்த நீதிமன்றப் பத்திரமே முதல் தடையானது. அதில் தாய் என்று எழுதப்பட்டிருந்த பெண் தாயே அல்ல. சில இடங்களில் அப்படியொரு முகவரியும் இல்லை.

தத்தெடுப்புக் குற்றங்களை அடிப்படையாகக் கொண்ட வரலாற்றுப் புனைவு உலக இலக்கியத்தில் தனியொரு வகையாக வளர்ந்திருக்கிறது. பசறைக்கும் பிபிலைக்கும் இடையில், ஹொப்டன், அடாவத்தை போன்ற தோட்டங்கள் சூழ்ந்த லுணுகலையைக் களமாக வைத்து அப்படியொரு நாவல் எழுதப்பட்டால், அது எந்த உண்மைகளின் மேல் நிற்க வேண்டும்?

நடந்தது என்ன?

தரகர்கள் வறிய கர்ப்பிணிகளையும் மணமாகாத தாய்மாரையும் தேடிப் பிடித்தார்கள். தேயிலைத் தோட்டப் பெண்களும் அவர்களில் இருந்தனர். மருத்துவமனை ஊழியர், சட்டத்தரணிகள், அரச அலுவலர் எனப் பலர் இந்தச் சங்கிலியில் கண்ணிகளாயினர். பிள்ளை இறந்தே பிறந்தது என்று சொல்லப்பட்ட தாய்மார் உண்டு. தாயாக நடிக்கப் பணம் கொடுத்து நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்பட்ட பெண்களும் உண்டு. தத்தெடுக்க வந்த வெளிநாட்டுத் தம்பதியர் பலர் அந்தப் பெண்ணே உண்மைத் தாய் என்று நம்பிப் பிள்ளையோடு விமானம் ஏறினர்.

வெளிநாட்டுத் தத்துக்காகப் பெண்களையும் சிசுக்களையும் அடைத்துவைத்த இடங்கள் ‘குழந்தைப் பண்ணைகள்’ என்று அழைக்கப்பட்டன. 1987இல் அத்தகைய ஓரிடத்தில் சிறை போன்ற நிலையில் 22 பெண்களும் 20 சிசுக்களும் கண்டுபிடிக்கப்பட்டனர். அதன்பின் அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தற்காலிகமாக நிறுத்தியது. 1941ஆம் ஆண்டின் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் 1992இல் திருத்தப்பட்டு விதிகள் இறுக்கப்பட்டன. 1995இல் இலங்கை நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு குறித்த ஹேக் உடன்படிக்கையில் இணைந்தது.

2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘ஸெம்ப்ளா’ இந்த விடயத்தை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. குழந்தைப் பண்ணைகள் இருந்ததை அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அதில் ஒப்புக்கொண்டார். மரபணு வங்கி அமைப்பதாகவும் உறுதியளித்தார். 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து வந்த 881 குழந்தைகள் பற்றிய ஆய்வையடுத்து, சுவிஸ் அரசு 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் யுஸ்த்ரா குழுவின் அறிக்கை வெளியானதும் நெதர்லாந்து மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது.

புனைவு எடுத்த வழிகள்

இந்த வகையில் பெரும் வாசகரைப் பெற்றது அமெரிக்க எழுத்தாளர் லிசா விங்கேட் 2017இல் வெளியிட்ட ‘பிஃபோர் வி வேர் யுவர்ஸ்’. டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் ஜோர்ஜியா டான் என்ற பெண் 1950 வரை நடத்திய அநாதை இல்லமே அதன் களம். ஏழைகளின் பிள்ளைகளைப் பறித்து வசதி படைத்தோருக்கு விற்ற இல்லம் அது. நாவலில் டான் சொந்தப் பெயரோடு வருகிறார். பிள்ளைகளைப் பறிகொடுக்கும் படகுக் குடும்பம் கற்பனை. குற்றத்துக்கு உண்மைப் பெயர், பாதிக்கப்பட்டோருக்குப் புனைபெயர் என்ற இந்த ஒழுங்கு நம் எழுத்தாளருக்கும் உதவும். இங்கு அந்தத் தாய்மாரில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். ஊர் வாய்க்கு அஞ்சி, கணவரிடமும் பிள்ளைகளிடமும்கூடச் சொல்லாமல் வாழ்கிறவர்கள் அவர்களில் உண்டு.

ஆர்ஜென்டினாவின் ‘லா இஸ்தோரியா ஒஃபிசியால்’ (1985) என்ற திரைப்படம் வேறு கோணத்தை எடுத்தது. இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டோரின் பிள்ளையோ தன் வளர்ப்பு மகள் என்று சந்தேகிக்கும் தாயின் கதை அது. அந்நாட்டில் பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாரின் போராட்டத்தால் 1987இல் தேசிய மரபணு வங்கி சட்டமானது. இதுவரை 130க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். பாட்டிமார் பலர் இறந்துவிட்டாலும் அவர்கள் கொடுத்த இரத்த மாதிரி அங்கே காத்திருக்கிறது.

தோட்டத்தில் காகிதம் என்றால் என்ன?

மெம்ஃபிஸ் கதையை அப்படியே மலையகத்துக்குக் கொண்டுவர முடியாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்கள் இவர்கள். இந்தப் பிரச்சினைக்கு இறுதிச் சட்டத் தீர்வு 2003இலேயே வந்தது. தோட்டங்கள் அரசுடைமையான காலத்தை ஒட்டிய 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. பிள்ளை பிறந்தால் அதுவும் தோட்ட நிர்வாகம் வழியாகவே பதிவுக்குப் போனது. தமிழ்ப் பெயர்கள் எழுதுபவரின் காதுக்கு எட்டியபடி திரிந்து பதிவாயின. இப்படி ஒரு பெண் தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியிலிருந்த பத்திரத்தில் கைநாட்டு வைத்தால், அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

நாவலாசிரியர் சறுக்கக்கூடிய இடமும் இதுதான். ‘வறுமையில் பிள்ளையை விற்ற தாய்’ என்பது தரகருக்கு வசதியான கதை. வேறு வழியின்றி மனமறிந்து கொடுத்தவர், ஏமாற்றப்பட்டவர், பிள்ளை செத்துவிட்டது என்று நம்பி அழுதவர் ஆகிய மூவரும் ஒருவரல்ல. அவர்களை ஒரே பாத்திரத்தில் அடைத்தால் நீதிமன்றப் பத்திரம் செய்த வேலையையே நாவலும் செய்ததாகிவிடும். ‘பிள்ளை வெளிநாட்டில் நன்றாகத்தானே வாழ்கிறது’ என்ற முடிவும் குற்றத்தைக் கழுவிவிடும்.

பொய் சொல்லத் தேவையில்லாத பதிவேடு

ஆனால் தோட்டத்தில் இன்னொரு வகைக் காகிதம் இருந்தது. செக்ரோலில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் நாளும் சம்பளத்துக்காக எழுதப்பட்டன. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 முதல் இருப்பதால், பிள்ளை பெற்ற பெண்ணுக்கான கொடுப்பனவும் கணக்கில் ஏற வேண்டும். தோட்ட மருந்துச்சாலைப் பதிவேடும் அப்படியே. சம்பளத்துக்கும் மருந்துக்கும் எழுதிய கணக்கில் தத்துத் தரகருக்கு வேலையில்லை. ஒரு பெண் எந்த மாதம் கொழுந்து பறிக்க வரவில்லை, எப்போது திரும்பினாள் என்பதை அது சொல்லக்கூடும். நாவலுக்கு அது ஆதாரம். தாயைத் தேடுவோருக்கு அதுவே தடயம்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பழைய செக்ரோல்கள் இருக்கும் தோட்டங்களில் அவற்றைக் கறையானுக்கும் பழைய கடதாசி வியாபாரிக்கும் விடாமல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் சேர்ப்பது அவசரத் தேவை.

1980இல் 20 வயதில் பிள்ளை பெற்றவருக்கு இன்று 65ஐத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவில் வளர்ந்த பிள்ளை பணம் கட்டித் தன் மரபணுவைத் தனியார் தரவுத்தளத்தில் சேர்க்கலாம். லயத்திலிருக்கும் தாயோ அவரது உறவினரோ சேராதவரை அங்கே பொருந்துவதற்கு எதுவுமில்லை. 2017இல் வாக்களிக்கப்பட்ட மரபணு வங்கி, தாய் அலைய வேண்டிய கொழும்பு அலுவலகமாக இல்லாமல், லுணுகலை போன்ற ஊர்களின் அரச மருத்துவமனைகளில் இலவசமாகவும் இரகசியமாகவும் மாதிரி எடுக்கும் ஏற்பாடாக அமைய வேண்டும். நாவலை இன்னும் பத்து வருடம் கழித்தும் எழுதலாம். மாதிரி கொடுக்க அந்தத் தாய்மார் அதுவரை இருக்க மாட்டார்கள்.