கொட்டகையில் பிறந்த விமானங்கள்

ஆகாய விமானம் ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று எவரேனும் கூறினால், கேட்போர் நகைப்பர். அல்லது சிறுவர் விளையாடும் பொம்மையைப் பற்றிய பேச்சுப் போலும் என்று வாளாவிருப்பர். ஆயினும், இருவர் அமர்ந்து நூற்றுக்கணக்கான மைல் பறந்து செல்லத்தக்க மெய்யான விமானங்களைத் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகைகளிலேயே, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் உழைத்து உருவாக்கியோர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் பலர் உளர். அவர்கள் வரலாற்றில் ஒரு பகுதியை, அதாவது கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு விமானம் சமைத்த வரலாற்றை, இங்கே கூறக் கருதுகிறேன். அவ்வரலாறு நம் பெங்களூருவையும் தொட்டுச் செல்வதாகும்.

விமானம் பிறந்ததே கொட்டகையில்தான். 1903-ஆம் ஆண்டில் பறந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள். மரமும் துணியுமே அவர்களுடைய மூலப் பொருள்கள். பின்னர் அலுமினியம் வந்தது. தகடு வளைக்கும் அச்சுகளும் ஆணி இறுக்கும் கருவிகளும் பெருந்தொழிற்சாலைகளில் குடிகொண்டன. விமானம் குடும்பஸ்தனின் கையை விட்டு அகன்றது. அதனை மீண்டும் கைப்பற்ற விரும்பிய ஆர்வலர் சிலர், 1953-ல் மில்வாக்கி நகரில் பால் போபரெஸ்னி என்பவர் முன்னின்று அமைத்த சோதனை விமானச் சங்கத்திலே ஒன்று கூடினர். மெல்லிய மரச் சலாகைகளை ஒட்டி ஒட்டிச் சிறகின் விலாக்களை அமைத்து, அவற்றின்மீது துணி போர்த்தி வார்னிஷ் பூசும் பழைய முறையே அவர்களிற் பெரும்பாலோர்க்கு வழியாயிற்று. பொறுமையுள்ளவர்கள் முடித்தனர். மற்றவர்களின் கொட்டகைகளில் பாதிச் சிறகுகள் தூசி படிந்து கிடந்தன.

இந்நிலையை மாற்றியது கூட்டுப் பொருள் எனப்படுவது. பெயர் புதிது, கருத்து நமக்குப் பழையது. மண்ணுடன் வைக்கோலைப் பிசைந்து சுவர் எழுப்பிய நம் முன்னோர் அறிந்த சூட்சுமமே அது. மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் விண்டுபோகும். வைக்கோல் இழுப்பைத் தாங்கும்; தனியே நிற்காது. இரண்டும் சேர்ந்தால் சுவராகிறது. விமானத்திலோ, வைக்கோலின் இடத்தில் தலைமயிரினும் மெல்லிய கண்ணாடி நாரால் நெய்த துணி. மண்ணின் இடத்தில் எப்பாக்ஸி என்னும் பிசின். நவராத்திரிக் கொலுவில் நாம் வைக்கும் காகிதக்கூழ்ப் பொம்மை, கனமின்றியே உருக்குலையாது நிற்பதைக் கண்டவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

1957-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியிலுள்ள ஸ்டுட்கார்ட் நகரத்து மாணவர் பறப்புக் குழுவினர், பால்சா என்னும் மெத்தென்ற மரத்தை நடுவே வைத்துக் கண்ணாடி நாரை மேலே போர்த்திய 'ஃபீனிக்ஸ்' என்ற சறுக்கு விமானத்தைப் பறக்கவிட்டனர். கண்ணாடி நாரால் ஆன முதற் சறுக்கு விமானம் அதுவே. இயந்திரம் பூட்டிய விமானத்தில் இப்பொருளைப் புகுத்தி அரசாங்கச் சான்று பெற்றவர், வியப்பாக இருக்கலாம், ஒரு பல் வைத்தியர். டெக்ஸாஸ் மாநிலத்து லியோ விண்டெக்கர் என்னும் அவர் பல்லாண்டு முயன்று, 1969-ல் தமது 'ஈகிள்' விமானத்துக்குச் சான்று பெற்றார். விரல்விட்டு எண்ணத்தக்க சில விமானங்களே கட்டப்பெற்றன; தொழில் நிலைக்கவில்லை. பிசினையும் அச்சையும் அன்றாடம் கையாளும் பல் வைத்தியருக்கு இந்த எண்ணம் உதித்ததில் ஒரு பொருத்தம் உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எனினும் இவ்விரண்டுக்கும் அச்சு தேவைப்பட்டது. ஒரேயொரு விமானம் செய்துகொள்ள விழையும் தனி மனிதன், முதலில் விமானத்தளவு பெரிய அச்சைச் செய்து, அதற்குள் விமானத்தை வார்த்து, பின்னர் அச்சைத் தூர எறிய வேண்டும். இந்த வீண் வேலையை ஒழித்தவர் பர்ட் ரூட்டான். எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சோதனைப் பொறியாளராக இருந்த இவர், 1974-ல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் சிறு தொழிலகம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டு மே மாதத்தில் அவருடைய 'வேரி-ஈஸி' பறந்தது. அவ்வாண்டே ஆஷ்காஷ் நகர விமான விழாவுக்கு அதனை ஓட்டிச் சென்ற அவருடைய தமையனார் டிக் ரூட்டான், அங்கே வட்டமிட்டுப் பறந்து 1,638 மைல் தொலைவை இடையில் இறங்காமல் கடந்து, அவ்வளவு சிறிய விமானங்களுக்குரிய உலகச் சாதனையை நிலைநாட்டினார்.

அவ்விமானத்தின் தோற்றமே விந்தையானது. வாற்சிறகு இல்லை, மூக்கருகே சிறு சிறகொன்று முன்னே நிற்க, சுழல்விசிறி பின்னே இருந்து தள்ளும். வேகம் மிகக் குறைந்தால் முன்சிறகு முதலில் தன் தாங்கும் திறனை இழக்கும். மூக்குத் தானே தாழும். பெருஞ்சிறகு திறன் இழக்கும் நிலைக்கு விமானம் வருவதே அரிது. பயிற்சி குறைந்த ஓட்டிகள் பலரைக் கொன்ற ஓர் ஆபத்தை இவ்வமைப்புத் தணித்தது.

கட்டும் முறையோ இன்னும் எளியது. சிறகு வடிவத்தை அச்சில் வார்ப்பதில்லை. நுரைப் பாளத்திலிருந்து செதுக்கி எடுப்பர். பாளத்தின் இருபுறத்திலும் சிறகின் குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய பலகைகளைப் பொருத்தி, மின்சாரத்தாற் சூடேறிய கம்பியொன்றை இருவர் இரு முனைகளிலும் பிடித்துப் பலகையின் விளிம்பை ஒட்டி இழுத்துச் செல்வர். பலகையில் எண்கள் குறித்திருக்கும். ஒருவர் எண்ணைக் கூவ, மற்றவரும் அதே கணத்தில் அதே எண்ணில் நிற்க வேண்டும். முந்தினாலோ பிந்தினாலோ சிறகு கோணும். கணவன் ஒரு முனையும் மனைவி மறு முனையும் பிடித்து, எண் சொல்லிக்கொண்டே சிறகை அறுத்தெடுத்த இல்லங்கள் உண்டு.

அறுத்த நுரையின்மீது கண்ணாடித் துணியை விரித்துப் பிசினை ஊற்றி, இழை நனையும்வரை தேய்ப்பர். மிகுந்த பிசினை வழித்தெடுத்துவிட வேண்டும். ஏனெனில் வலிமை இழையில் உள்ளது, மிகைப் பிசின் வெறுஞ்சுமை. பிசினையும் அதனை இறுக்கும் திரவத்தையும் தராசில் நிறுத்தே சேர்த்தல் வேண்டும். கண் மதிப்பு ஆகாது. அறை குளிர்ந்திருந்தால் பிசின் துணியில் ஊறாது. இழை இன்ன திசையில் ஓட வேண்டும் என்று ஏட்டில் குறித்திருந்தால் அத்திசையிலேயே ஓட வேண்டும். நுரையிலும் வகை உண்டு. யூரித்தேன் நுரையைச் சூட்டுக் கம்பியால் அறுப்பது நச்சுப் புகைக்கு இடமாதலால், அதனைக் கத்தி கொண்டே செதுக்க வேண்டும். பிசின் பட்டுப் பட்டுத் தோல் வெந்து, பாதியிலே வேலையைக் கைவிட்டோரும் உண்டு. இவ்விமானங்கள் பெரும்பாலும் வெண்ணிறம் பூண்டிருப்பதற்கும் காரணம் அழகன்று. கருநிறம் வெயிலை உறிஞ்சும். சூடு மிகுந்தால் பிசின் இளகும்.

இத்தனையையும் படம் போட்டு, படிப்படியாக விளக்கும் ஓர் ஏட்டை ரூட்டான் 1976 முதல் விற்றார். பொருள்களை வாங்கிக்கொள்ள வேண்டியது கட்டுபவர் பொறுப்பு. 1979-ல் 'லாங்-ஈஸி' என்னும் பெரிய உடன்பிறப்புப் பிறந்தது. அவ்வாண்டே பறந்த 'கிளாஸேர்' மற்றொரு வழியைக் காட்டியது. தொழிற்சாலையிலேயே அச்சில் வார்த்த உடலோடுகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பினர். வாங்கியவர் வீட்டில் இணைத்துக்கொள்ளலாம். லேன்ஸேர் முதலியனவும் இவ்வழியே தொடர்ந்தன. ஆனால் அமெரிக்கச் சட்டம் ஒரு வரம்பு கட்டியிருந்தது: வேலையிற் பாதிக்கு மேற்பட்டதைத் தன்னார்வலரே, தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருத்தல் வேண்டும். அங்ஙனம் செய்தால் 'சோதனை விமானம்' என்னும் பட்டயத்துடன் பறக்க இசைவு கிட்டும்.

இச்சட்டத்தினுள் பெரியதொரு சுதந்திரமும் அடங்கியிருந்தது. கட்டுபவரே அதன் உற்பத்தியாளர். ஆகவே வரைபடத்தை மாற்ற அவருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை இல்லையேல் ரூட்டானும் இல்லை. ஆனால் உலோகத் தகட்டில் ஆணி தவறினால் கண்ணிற் படும். துணியும் பிசினும் மூடிய பின் உள்ளே காற்றுக் குமிழி இருப்பினும், ஓர் அடுக்கு குறைந்திருப்பினும், வெள்ளைப் பூச்சு எல்லாவற்றையும் மறைத்துவிடும். செய்தவன் மட்டுமே அறிவான். அவனோ விமானத்தை ஒருநாள் பிறருக்கு விற்றுவிடக்கூடும்.

அவ்வாறு விற்ற விமானம் ஒன்றின் கதையை இங்கே கூறாமல் விட இயலாது. அதில் நேர்ந்தது பிசினின் குற்றமன்று, குழாயின் குற்றம். 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர், தாம் புதிதாக வாங்கியிருந்த பழைய லாங்-ஈஸியில் கலிபோர்னியாக் கடற்கரையோரம் பறந்து கடலில் வீழ்ந்து மாண்டார். ரூட்டானின் வரைபடத்தில் எரிபொருட் கலங்களை மாற்றும் திருகு ஓட்டியின் முன்னே, கால்களுக்கிடையே உள்ளது. அந்த விமானத்தைக் கட்டியவரோ, எரிபொருட் குழாய் ஓட்டியின் அறைக்குள் வராதிருத்தல் நலம் என்று கருதித் திருகை இடத்தோளின் பின்புறம் வைத்துவிட்டார் என்பர். எந்தப் பக்கம் எந்தக் கலம் என்ற குறியும் அதில் இல்லை. ஒரு கலம் வற்றியபோது, பாடகர் உடலைத் திருப்பிப் பின்னே கையை நீட்டும் முயற்சியில் கால் அறியாமல் மிதியை அழுத்தியிருக்கலாம் என்பது விசாரணையினர் கருத்து. அவ்விமானத்தில் அவருக்குப் போதிய பழக்கம் இல்லாமையும் காரணங்களில் ஒன்றாகக் கூறப்பட்டது. கட்டியவர் கருதியது பாதுகாப்பையே என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது. தமக்குப் பழகிய கைக்கு எட்டியது, அயலான் கைக்கு எட்டவில்லை.

வழக்குகளுக்கு அஞ்சி ரூட்டான் 1985-லேயே ஏடு விற்பதை நிறுத்தியிருந்தார். அதற்குள் அவர் மனம் பெரியதொன்றில் பதிந்திருந்தது. 1986-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், கரிநாரும் பிசினுமாய் அவர் வகுத்த 'வாயேஜர்', டிக் ரூட்டானையும் ஜீனா யீகரையும் ஏற்றிக்கொண்டு எழுந்தது. எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் ஏற்காமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றி 23-ஆம் நாள் திரும்பிற்று. மற்றொரு புறம், விஸ்கான்ஸின் மாநிலத்துக் களஞ்சியம் ஒன்றில் வீட்டு விமானப் பெட்டிகளுடன் தொடங்கிய கிளாப்மையர் சகோதரர்களின் 'சிர்ரஸ்', 1998-ல் முழுச் சான்று பெற்ற தொழிற்சாலை விமானமாயிற்று.

நம் நாட்டுக்கு இக்கலை கொட்டகை வழியாக வரவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தின் வழியாக வந்தது. 1959-ல் தோன்றிப் பெங்களூருவில் நிலைகொண்ட தேசிய வானூர்தி ஆய்வகம், கூட்டுப் பொருளைக் கற்கும் பொருட்டுத் தேர்ந்துகொண்ட பாடப் புத்தகம் எது தெரியுமோ? அந்த லாங்-ஈஸியேதான். அதனை ஆதாரமாகக் கொண்ட முன்சிறகு ஆராய்ச்சி விமானம் 1987-ல் பெங்களூரு வானில் பறந்தது. பேரறிஞர் பலர் பணியாற்றும் கூடமொன்று, குடும்பஸ்தர்க்கென எழுதிய ஏட்டைக் கையிலெடுத்ததை நான் சிறுமையாகக் கருதவில்லை. கையை நனைக்காமல் பிசின் வேலை படியாது. 1993-ல் அவர்களுடைய சொந்த 'ஹம்ஸா' பறந்தது. 2000-ஆம் ஆண்டில் 'ஹம்ஸா-3' சான்று பெற்றுப் பறப்புக் கழகங்களின் பயிற்சிக்குச் சென்றது. 2001-ல் முதன்முறை பறந்த இலகு போர் விமானத்தின் கரிநார் வாற்செங்குத்தையும் இவ்வாய்வகமே சமைத்தது. 'ஹம்ஸா'வின் புதிய தலைமுறை 2021-ல் பறந்தது.

கொட்டகையானாலும் ஆய்வகமானாலும், பூச்சுக்குள் மறைந்த குறையைத் தேடும் கருவிகள் பலவற்றுள் மிக எளியது ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது. நாணயம் ஒன்றை எடுத்துச் சிறகின்மேல் விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே போவார்கள். அடுக்குகள் நன்றாக ஒட்டிய இடத்தில் கணீரென்று கேட்கும். விட்டுப்போன இடத்தில், சந்தையில் வெடித்த பானையைத் தட்டினாற்போல், ஓசை மந்தமாகும். அவ்விடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு மேலே தட்டுவார்கள்.