பொய்யைத் தேடிய கருவி

1921-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல் துறையில் ஜான் லார்சன் என்றொரு காவலர் இருந்தார். உடலியலில் முனைவர் பட்டம் பெற்ற போலீஸ்காரர்! சந்தேகப்பட்டவரை அடித்து வாக்குமூலம் வாங்கும் வழக்கம் அவருடைய தலைமை அதிகாரி ஆகஸ்ட் வால்மருக்குப் பிடிக்காது. அடிக்கு மாற்றாக லார்சன் ஒரு கருவியைச் செய்தார். கேள்விகள் முடியும்வரை ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் அது காகிதத்தில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும்.

பொய் சொன்னால் ரத்த அழுத்தம் ஏறும் என்ற எண்ணம் ஹார்வர்டில் படித்த வில்லியம் மார்ஸ்டனுடையது. வாஷிங்டனில் ஃப்ரை என்பவர் மீதான கொலை வழக்கில் தம் சோதனையைச் சாட்சியமாக்கப் பார்த்தார். துறை அறிஞர்கள் பொதுவாக ஏற்காத முறை இது என்று 1923-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. மார்ஸ்டன் சளைக்கவில்லை. 1941-ல் அவர் படைத்த காமிக்ஸ் நாயகி வொண்டர் வுமனின் கயிற்றில் சிக்கியவர்கள் உண்மையைக் கக்கினார்கள். கோர்ட்டில் எடுபடாதது காமிக்ஸில் எடுபட்டது!

லார்சனிடம் தொழில் கற்ற லியனார்ட் கீலர், கருவியைப் பெட்டிக்குள் அடக்கி, வியர்வையால் தோலின் மின்கடத்தும் திறன் மாறுவதையும் அளக்கவைத்தார். பிறகு அது வியாபாரமானது. வங்கி ஊழியர்கள்கூடச் சோதிக்கப்பட்டார்கள். தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட 1988 வரை ஆனது.

கோளாறு அடிப்படையிலேயே இருந்தது. பொய்யனுக்கு மட்டுமா நெஞ்சு படபடக்கும்? போலீஸைக் கண்டு மிரளும் அப்பாவிக்கும்தான். சோவியத்துக்கு உளவு பார்த்த சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையைத் தாண்டி, 1994-ல்தான் பிடிபட்டார். பிற்காலத்தில் லார்சனே தம் கருவியை ஃபிராங்கன்ஸ்டைனின் பூதம் என்று சாடினார். சம்மதமில்லாமல் யாருக்கும் இந்தச் சோதனை கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

அதே வியர்வை உணரி பின்னர் மணிக்கட்டுக்கு வந்தது. எம்ஐடி பேராசிரியர் ரோசலிண்ட் பிகார்டின் மாணவர் ஒருவர், பேச்சு வராத ஆட்டிசத் தம்பிக்காக இரண்டு பட்டைகளை இரவல் வாங்கிப்போனார். ஒரு மணிக்கட்டின் அளவு மட்டும் ஓரிடத்தில் தாறுமாறாக எகிறியிருந்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்த பிகார்டுக்கு, அந்த நேரத்தை ஒட்டிச் சிறுவனுக்கு வலிப்பு வந்தது பிறகே தெரிந்தது. அவர் இணைந்து தொடங்கிய எம்பாட்டிகா நிறுவனத்தின் வலிப்பு எச்சரிக்கைப் பட்டைக்கு 2018-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

2020-ல் வந்த ஃபிட்பிட் சென்ஸ் கடிகாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தால் அதுவும் வியர்வையை அளக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் யாரையும் விசாரிக்க உட்கார்ந்துவிடாதீர்கள்.