சுண்ணாம்பு ஒன்று, புளிப்பு இரண்டு

ஜவ்வாது மலைக்கு வடக்கே, பாலாற்றங்கரையில், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நம் முன்னோர் பலர் தோல் பதனிட்டு வாழ்ந்தனர். மயிர் நீங்கத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பர். தோலில் எஞ்சிய காரத்தை (‘அல்கலி’ என்னும் பெயரே அரபு தந்ததாகும்) புளித்த தவிட்டு நீரால் போக்குவது பழைய முறை. அப்புளிப்பில் லாக்டிக் அமிலம் உண்டு. சுண்ணாம்பு மூலக்கூறு ஒன்றில் ஹைட்ராக்சைடு இரண்டு. லாக்டிக் அமில மூலக்கூறு தருவதோ ஒரே ஹைட்ரஜன். ஆதலால் ஒன்றுக்கு இரண்டு இட்டால்தான் மீஸான் நேராகும். வலத்தட்டில் கால்சியம் லாக்டேட் ஒன்று, நீர் இரண்டு. காரம் மடிந்தது, கால்சியம் மறையவில்லை, உப்பாகி நீரில் நின்றது. அந்நீர் சென்றது எங்கே? பின்னாளில் குரோமியமும் சேர, பாலாறு கெட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் நம் வட்டாரம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றுள் நம் சமூகத்தாருடையவை பல.