ஷோல் ஏரியும் ஒரு முதற்குடிக் கிராமமும்

நகரங்களின் வளர்ச்சியை ஆராய்வோர் அவற்றின் நீர்வழங்கல் ஏற்பாடுகளைப் பொறியியற் சாதனைகளாகப் போற்றுவது வழக்கம். அந்நீர் எவருடைய நிலத்தினின்றும் பெறப்பட்டது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கனடாவின் வின்னிபெக் நகரையும், அதற்கு நீரளித்த ஷோல் ஏரிக்கரையில் வாழும் ஒஜிப்வே முதற்குடி மக்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இவ்வினாவின் முக்கியத்துவம் புலனாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்னிபெக் துரித வளர்ச்சி கண்டது. சனத்தொகை பெருகியபோது நல்ல நீர் போதாதாயிற்று. 1904, 1905 ஆம் ஆண்டுகளில் நெருப்புக்காய்ச்சல் கடுமையாகப் பரவியது. எனவே நகர நிருவாகம் மனிற்றோபா, ஒன்ராறியோ மாகாணங்களின் எல்லையிலுள்ள ஷோல் ஏரியை நாடியது. ஏரி நகரத்தைவிட ஏறத்தாழ 300 அடி உயரத்தில் அமைந்தமையால், சுமார் 156 கிலோமீற்றர் நீளமான கொங்கிறீற்று வாய்க்கால் வழியே நீர் தானாகவே வழிந்து நகரை அடையக்கூடியதாயிருந்தது. 1919 ஆம் ஆண்டில் அந்நீர் நகர மக்களுக்குக் கிட்டியது.

இச்சாதனையின் விலையைச் செலுத்தியோர் ‘ஷோல் லேக் 40’ என வழங்கும் குடியினராவர். அவர்களது ஒதுக்க நிலத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கரை மத்திய அரசு நகரத்திற்கு விற்றது. மக்கள் அருகிலிருந்த குடாநிலமொன்றுக்குப் பெயர்க்கப்பட்டனர். பல்கன் ஆற்றின் கலங்கல் நீர் நகருக்குரிய நீருடன் கலவாதிருக்கும் பொருட்டு அணை கட்டப்பட்டது. குடாநிலத்தை ஊடறுத்துக் கால்வாய் வெட்டி அந்நீர் மறுபுறம் திருப்பப்பட்டது. இதனால் கலங்கல் நீர் அம்மக்களின் பக்கம் சென்றதோடு, அவர்களது குடியிருப்பும் தரைத்தொடர்பிழந்து செயற்கைத் தீவாயிற்று.

கோடையில் படகும் மாரியில் உறைந்த ஏரியுமே அவர்களுக்குப் பாதையாயின. பனிக்கட்டி உடைந்து உயிரிழந்தோரும் உளர். 1997 இல் நீரைக் கொதிக்க வைத்தே பருகவேண்டுமென அறிவிக்கப்பட்டது. அதன்பின் போத்தல் நீரே அவர்களின் குடிநீராயிற்று. சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் திட்டமோ, வீதியற்ற இடத்திற்குப் பொருள்களைக் கொண்டுசெல்லும் செலவு மிகையெனக் கூறிக் கைவிடப்பட்டது. தீவாக்கிய கால்வாயே தூய நீருக்கும் தடையாக நின்றமை ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

எனினும் அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. 2014 இல் வின்னிபெக்கில் மனித உரிமைகளுக்கான தேசிய நூதனசாலை திறக்கப்பட்டபோது, தமது கிராமத்தையே மனித உரிமை மீறல்களின் நூதனசாலையெனப் பிரகடனஞ் செய்து பார்வையாளரை அழைத்தனர். ஈற்றில் மத்திய, மாகாண, நகர நிருவாகங்கள் மூன்றும் செலவைப் பகிர்ந்துகொள்ள, 24 கிலோமீற்றர் நீளமான ‘சுதந்திர வீதி’ 2019 இல் திறக்கப்பட்டது. வீதி வந்ததும் சுத்திகரிப்பு நிலையம் சாத்தியமாயிற்று. 2021 செப்ரெம்பரில் அது இயங்கத் தொடங்க, இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அறிவித்தல் நீங்கியது.

ஒரே ஏரியின் தூய நீர் தொலைவிலுள்ள நகரத்தை அடைந்து 102 ஆண்டுகள் கழிந்த பின்னரே கரையிலுள்ள கிராமத்தை அடைந்தது. இத்தாமதத்திற்கு இயற்கையோ தொழினுட்பமோ காரணமன்று. எவருடைய தாகம் முதலில் தணிக்கப்படவேண்டும் என்பதை அதிகாரம் படைத்தோரே தீர்மானித்தமையே காரணம் எனலாம்.