கோடு போட்ட மீனும் பாதி ஆறும்

எங்கட கூட்டத்தில மீன் வளர்க்கிறது மூன்று பேர். அதில ஒருத்தன் ஒரு நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு படம் அனுப்பினான். வெள்ளை உடம்பில கறுப்புக் கோடு, பேனையால் அளந்து கீறின மாதிரி. "மச்சான், இதுக்குப் பேர் ஸீப்ரா பிளெக்கோ. ஒண்டு வாங்கிற காசுக்கு நம்மட ஊரில பழைய சைக்கிள் வாங்கலாம்" என்று கீழே எழுதியிருந்தான். விரல் நீளம்கூட வராத மீனுக்கு ஏன் இந்த விலை என்று தேடப் போனோம். தேடினது மீனில தொடங்கி அணைக்கட்டில போய் நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவம். மட்டக்களப்பில மீன்கடைக்குப் போய் பிளெக்கோ என்று கேட்டால், "டேங்க் கிளீனரா?" என்று கறுத்த, முரட்டுத் தோல் மீன் ஒன்றைக் காட்டுவார்கள். கண்ணாடியில ஒட்டிக்கொண்டு பாசி தின்னும், வளர்ந்தால் முழங்கை நீளம் வரும். ஸீப்ரா அதே குடும்பம்தான், ஆனால் குணம் வேறு. எட்டு ஒன்பது சென்ரிமீற்றரோடு வளர்ச்சி நின்றுவிடும். பாசியைத் திரும்பியும் பார்க்காது, அதுக்குப் புழு, இறால் மாதிரி ஊன் சாப்பாடு வேணும். பகல் முழுக்கக் கல்லிடுக்கில ஒளிந்து கிடக்கும். காசைக் கொட்டி வாங்கினவன் வெறும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

இதன் சொந்த வீடு பிரேசிலின் ஷிங்கு ஆறு. அமேசனில வந்து சேருகிற பெரிய கிளையாறு அது. அல்டமீரா என்ற ஊருக்குக் கீழே ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கும், அதற்கு வோல்ட்டா கிராண்டே, பெருவளைவு என்று பெயர். பாறையும் வெடிப்பும் வேகமான, சூடான தண்ணீரும் உள்ள அந்த வளைவை ஒட்டித்தான் ஸீப்ரா இருக்கிறது. உலகத்தில வேறெங்கும் இல்லை.

1980களின் கடைசியில மீன் ஏற்றுமதிக்காரர்கள் அமேசன் ஆறுகளிலிருந்து புதுப்புது உறிஞ்சுவாய் மீன்களை ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். விஞ்ஞானிகள் பெயர் வைக்கிற வேகத்தைவிட மீன்பெட்டி வந்திறங்குகிற வேகம் கூட. அதனால் டாட்ஸ் என்ற ஜேர்மன் மீன்வளர்ப்புச் சஞ்சிகை 1988 இல் ஒரு வழி கண்டுபிடித்தது: பெயர் கிடைக்கும்வரை இலக்கம். எல் 1, எல் 2 என்று போய், எங்கட கோட்டு மீன் எல் 46 ஆனது. 1991 இல் அம்ஸ்டர்டாமைச் சேர்ந்த இஸ்புறூக்கர், நைசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுக்கென்றே ஒரு புதுப் பேரினம் உருவாக்கி ஹைபான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்று பெயர் வைத்தார்கள். வளர்ப்பாளர்கள் இன்றைக்கும் எல் 46 என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டால் பள்ளிப் பெயர் எடுபடாதுதானே!

அந்த மீன் தொட்டிக்காரர்களுக்கு அறிமுகமான அதே காலத்தில, 1989 பெப்ரவரியில, அல்டமீராவில ஒரு பெரிய கூட்டம் நடந்தது. ஷிங்குவை மறித்து அணை கட்டுகிற திட்டத்தை எதிர்த்துப் பழங்குடி மக்கள் கூடினார்கள். துயிரா என்ற இளம் கயாப்போப் பெண் எழும்பிப் போய், மின்சாரக் கம்பனிப் பொறியியலாளர் ஒருவரின் கன்னத்தில வெட்டுக்கத்தியின் பக்கத்தை வைத்து அழுத்தினாள். அவள் வெட்டவில்லை. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது, உலக வங்கிக் கடன் நின்றது, திட்டம் கிடப்பில போனது. ஆனால் அணைத் திட்டங்கள் சாகிறதில்லை, பெயர் மாற்றிக்கொண்டு தூங்கும். இது பெலோ மோன்ட்டே என்ற பெயரோட எழும்பி வந்தது. 2011 இல் கட்டத் தொடங்கி, 2016 இல் முதல் சுழலிகள் ஓடின. 11,233 மெகாவாற். அதற்காகப் பெருவளைவுக்கு மேலேயே ஆற்றை மறித்து, தண்ணீரின் பெரும்பகுதியைக் கால்வாயால் திருப்பிவிட்டார்கள். சில மாதங்களில 80 சதவீதம்வரை. ஸீப்ராவின் வீட்டில மிச்சத் தண்ணீர்தான் ஓடுகிறது.

அணை வருமுன்னமே 2004 இல் பிரேசில் இந்த மீனை அழியும் ஆபத்துள்ளவற்றில சேர்த்துப் பிடிக்கத் தடை போட்டிருந்தது. தடை வந்ததும் விலை ஏறியது. மீன்கள் பொலித்தீன் பையில, பயணப் பெட்டிக்குள்ள, எல்லை தாண்டிக் கொலம்பியாப் பக்கம் போகத் தொடங்கின. வளைவில வலை போடுகிற ஏழை மீனவனுக்குப் பெட்டிக்காரன் என்ன கொடுத்திருப்பான் என்று யோசித்துப் பாருங்க. மீன் பிடிக்கிறது குற்றம், அந்த மீன் இருக்கிற ஆற்றையே திருப்புவது அபிவிருத்தி. இந்தக் கணக்கு எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அணைக்கதை எங்களுக்குப் புதிதில்லை. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது அந்த நிலம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. குடியேற்றம், 1956 இல் கல்லோயாவில தமிழர் கொல்லப்பட்டது, 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது எல்லாம் பெரியாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறம். மறித்த ஆற்றில இருந்த மீனுக்கு என்ன நடந்தது என்று ஒரு வரியும் கேட்ட ஞாபகமில்லை. மனிசர் செத்த கதைக்குள்ள மீனைப் பற்றிக் கேட்க வாய் வராது, அதுவும் விளங்குது.

இன்னொரு முடிச்சும் இருக்கு. அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில நடக்க இருந்தது. 2017 இலேயே பிரேசில் ஸீப்ராவை அந்த உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில சேர்த்திருந்தது. உலகத்து மீன்காரரெல்லாம் இலங்கைக்கு வரப்போகிறார்கள் என்றிருந்தோம். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கட ஊர் சீயோன் தேவாலயத்திலயும் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற பிள்ளைகளும் செத்தார்கள். மாநாடு ஓகஸ்டில ஜெனீவாவுக்குப் போனது. அந்த மே மாதம் நாங்கள் ஒருத்தரும் மாநாட்டை நினைக்கவில்லை.

சரி, வளர்ப்புக்கு வருவம். ஸீப்ரா எங்களிடம் இல்லை, வாங்கவும் போறதில்லை. அதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று இருக்கு, தாடி பிளெக்கோ என்று நாங்கள் கூப்பிடுகிற அன்சிஸ்ட்ரஸ். இரண்டும் குகைக்குள்ள முட்டை இடுகிறவை, இரண்டிலும் காவல் தகப்பன்தான். ஸீப்ராவில ஆண், தன் உடம்பு மட்டுமட்டாக நுழைகிற ஒடுக்கமான குகையைப் பிடித்துக்கொள்ளும். கன்னத்தில முள் கூட, தலை அகலம். பெண்ணை உள்ளே விட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். பத்துப் பதினைந்து முட்டை, அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு கிழமையில பொரிக்கும், பிறகும் குஞ்சுகள் வயிற்று மஞ்சட்கருவோட கிட்டத்தட்ட இரண்டு கிழமை குகைக்குள்ளேயே கிடக்கும். அது முழுக்கத் தகப்பன் செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும். குஞ்சு வளர்ந்து தான் முட்டை இட இரண்டு மூன்று வருசம் போகும். விலை ஏன் இறங்கவில்லை என்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கட தாடிக்காரனுக்குக் குகை என்னெண்டால் ஒரு துண்டு எஸ்லோன் பைப்பும் உடைந்த கூரை ஓடும். கல்லடியில தண்ணீரைச் சூடாக்கத் தேவையில்லை, வெயிலே போதும். பிரச்சினை வேறு இரண்டு. ஒன்று, கிணறு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடக்கிற எழுவான்கரை மண், தண்ணீர் எப்பவும் கொஞ்சம் சவர்தான். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பாய்ப்போன கிணறுகளைப் பற்றி வீட்டில கேட்டால் இன்னமும் சொல்லுவாங்க. ஷிங்கு மீனுக்கு வேணும் என்கிற மென்மையான தண்ணீர் எங்களுக்கு மழையில மட்டும்தான் கிடைக்கும். மற்றது, காற்று. சூடான தண்ணீரில ஒட்சிசன் நிற்காது, எயார் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேணும். 2022 மார்ச் கடைசியில பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் கட். இரவிரவாக மூன்று பேரும் முறை வைத்து, சிரட்டையால் தண்ணீரை அள்ளி அள்ளித் திரும்ப ஊற்றினோம். "வீட்டில காஸ் இல்லை, பால்மா இல்லை, உங்களுக்கு மீனா?" என்று உம்மம்மா ஏசினா. ஏசிவிட்டு, விடியப்புறம் நாங்கள் நித்திரையானதும் அவவே சிரட்டையை எடுத்தா. இரண்டு மீன் செத்தது, ஆண் தப்பினான்.

ஜேர்மனியிலயும் இந்தோனேசியாவிலயும் ஸீப்ராவைத் தொட்டியிலேயே பெருக்குகிறார்கள். நாளைக்குப் பெருவளைவில மீன் இல்லாமல் போனாலும் யாரோ ஒருத்தரின் வீட்டில இருக்கும் என்று சிலர் அதை ஆறுதலாகச் சொல்கிறார்கள். எங்களுக்குள்ள இதில சண்டை இருக்கு. ஒருத்தி சொல்கிறாள்: தொட்டிக்குள்ள இருக்கிறது மீன், ஆறு இல்லை, அந்த வேகமும் பாறையும் எந்தக் கண்ணாடிக்குள்ளயும் பெருகாது. மற்றவன் சொல்கிறான்: மீனாவது மிஞ்சட்டும், ஆறு திரும்பி வந்தால் விட ஏதாவது வேணும்தானே. இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய செரி பார்ப், 1929 இல் தெரணியகல பெயர் வைத்த சிவப்பு மீன், இன்றைக்கு எத்தனையோ நாட்டுப் பண்ணைகளில பெருகுது. அதன் ஓடைகளைப் பார்த்தவர் எங்களில ஒருத்தரும் இல்லை.

விடுகிறது என்றதும் ஒரு பயமும் வருது. முழங்கை நீளம் வளர்ந்த டேங்க் கிளீனரைக் கொல்ல மனமில்லாமல் ஆற்றில விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில அப்படிப்பட்ட அமேசன் மீன் பெருகி, அதன்மேல் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது. வலையில மாட்டினால் முள்ளை விறைத்துக்கொண்டு வலையைக் கிழிக்கும், சந்தையிலும் வாங்க ஆளில்லை. எங்கட வாவி 56 கிலோமீற்றர் நீளம். 1848 இல் எமர்சன் டெனன்ற் தோணியில போய், தண்ணீருக்கடியிலிருந்து வந்த இசையைக் கேட்டு எழுதிவைத்த வாவி. பாடுவது மீனா ஊரியா என்று இன்னும் தர்க்கிக்கிறம். அதற்குள்ள தெரியாத ஒன்றைக் கொண்டுபோய் விட வேண்டாம். வளர்க்க முடியவில்லை என்றால் கடையில திருப்பிக் கொடுங்க, கடைக்காரன் வாங்காவிட்டால் எங்களிடம் தாங்க.

போன ஐப்பசி மழைக்குக் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். ஐந்தாம் நாள் ஆண் பைப்பை விட்டு வெளியே வரவே இல்லை. சாப்பாடு போட்டும் வரவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால், செட்டை அசைந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் செம்மஞ்சளாக ஒரு கொத்து. எண்ண முயன்றோம், அவன் விடவில்லை.