காடு மூடும் பாதையைத் திறந்துகொண்டே இருப்பவர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் அப்பலாச்சியன் பாதை என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர், பெரும்பகுதி அடர்ந்த காடு. நடந்து மட்டும்தான் போக முடியும். இதை உருவாக்கியவர்களிலும், இன்றுவரை காப்பாற்றி வருபவர்களிலும் பெரும்பாலோர் ஒரு பைசா சம்பளம் வாங்காதவர்கள். நம்மூர் வார்த்தையில் சொன்னால் குடிமராமத்து.

யோசனை பென்டன் மக்காய் என்பவருடையது. வனவியல் படித்தவர். 1921 ஏப்ரலில் மனைவியை இழந்தார். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய அம்மையார் அவர். அந்தத் துக்கத்தில் இருந்த மனிதர், அதே ஆண்டு அக்டோபரில் கட்டடக் கலைஞர்களின் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். நகரத்துத் தொழிற்சாலைகளில் வதங்கும் மக்கள் மலையில் வந்து மூச்சுவிட வேண்டும். முகாம்கள், கூட்டுப் பண்ணைகள் எல்லாம் வேண்டும். அவற்றை இணைக்கும் முதுகெலும்பாக ஒரு பாதை வேண்டும் என்றார்.

கட்டுரை எழுதினால் பாதை வந்துவிடுமா? 1923இல் நியூயார்க் பக்கத்து நடைச் சங்கத்தார் முதல் துண்டைத் திறந்தார்கள். 1925இல் வாஷிங்டனில் மாநாடு கூட்டி அமைப்பும் கண்டார்கள். பிறகு வேலை தூங்கிவிட்டது. அதைத் தட்டி எழுப்பியவர் ஆர்தர் பெர்க்கின்ஸ் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி. (ஓய்வுபெற்றவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கும் உறவினர்கள் இந்த வரியை மீண்டும் ஒருமுறை படிக்கலாம்.) அவர் பிடித்துக்கொண்டு வந்த இளைஞர்தான் மைரன் ஏவரி.

ஏவரி ஒரு வழக்கறிஞர். கனவு பேசுகிற ஆள் இல்லை. சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கைப்பிடியோடு உருட்டிக்கொண்டு பாதையை அளந்துகொண்டே போனார். 1936க்குள் முழுத் தடத்தையும் துண்டு துண்டாக நடந்து முடித்துவிட்டார். அவருடைய பெரிய சாதனை அளந்தது அல்ல. வழிநெடுக ஊர் ஊராகச் சங்கங்களைச் சேர்த்து, இந்த இடத்திலிருந்து அந்த இடம்வரை உங்கள் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்ததுதான்.

மக்காய்க்கும் இவருக்கும் பெரிய சண்டை. ஷெனந்தோவா மலை உச்சியில் அரசாங்கம் கார் ஓடும் சாலை போட்டது. நடைபாதை நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. சாலை கூடவே கூடாது என்றார் மக்காய். சாலையோடு மல்லுக்கு நிற்காமல் பாதையை ஓரமாக வெட்டி முடிப்போம் என்றார் ஏவரி. அதன் பிறகு இருவரும் ஒட்டவே இல்லை. என் மனம் மக்காய் பக்கம். ஆனால் இன்று காலடி வைக்க அங்கே ஒரு பாதை இருக்கிறது என்றால் அதற்கு ஏவரிதான் காரணம் என்பதையும் மறுக்க முடியாது.

1937 ஆகஸ்ட் 14 அன்று மெய்ன் காட்டில் கடைசித் துண்டை இணைத்தார்கள். அரசு வேலைத்திட்ட இளைஞர்களும் அதில் கை கொடுத்தார்கள். சரி, முடிந்தது என்று மூச்சுவிடுவதற்குள், 1938இல் வந்த பெரும் புயல் வடகிழக்கே மரங்களைப் பாதைமேல் சாய்த்துப் போட்டது. அடுத்து உலகப் போர். ஆட்கள் போர்முனைக்குப் போனார்கள். பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததால் மிச்சம் இருந்தவர்களாலும் மலைக்குப் போக முடியவில்லை. சில ஆண்டுகளிலேயே முள்ளும் புதரும் பாதையைத் தின்றுவிட்டன. 1948இல் போரிலிருந்து திரும்பிய ஏர்ல் ஷாஃபர் முழுப் பாதையையும் ஒரே நடையாக 124 நாளில் நடந்தபோது, பல இடங்களில் வழியைத் தேடித்தான் போனார். 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, 11 பிள்ளைகளைப் பெற்றவர், துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகவே நடந்து முடித்தார். பாதை கிடக்கிற லட்சணத்தைப் பத்திரிகைக்காரர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். சங்கங்களுக்கு ரோஷம் வந்தது.

மகள் வர்ஜீனியாவில் இருப்பதால் அங்கே போயிருந்தபோது, முழங்கால் அனுமதித்த வரை கொஞ்ச தூரம் நடந்தேன். மண்வெட்டியோடு ஒரு அம்மாள் குனிந்து இலைச்சருகை வாரிக்கொண்டிருந்தார். வயது எனக்கு மேலேதான் இருக்கும். பாதையின் குறுக்கே ஒரு கட்டை சாய்வாகப் பதித்திருந்தது. மழைத்தண்ணீர் பாதையிலேயே ஓடினால் ஓடையாக அரித்துவிடும். அந்தக் கட்டை தண்ணீரைத் தடுத்துச் சரிவுப் பக்கம் திருப்பிவிடும். இலை அடைத்துக்கொண்டால் கட்டை இருந்தும் பயனில்லை. “ஒவ்வொரு இலையுதிர் காலமும் இதே வேலைதான்” என்று சிரித்தார். மரங்களில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும், வழிகாட்ட. அது மங்கினால் திரும்ப அடிப்பதும் இவர்கள்தான்.

குப்பைக் கதை தனி. எரி, நசுக்கு, புதை என்பதுதான் அந்தக் காலத்தில் முகாம் போடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். 1970களில் கூட்டம் பெருகிய பிறகு அந்தப் பாடம் செல்லுபடியாகவில்லை. புதைத்ததைக் கரடி தோண்டிப் போடும். கொண்டுவந்ததைக் கொண்டுபோ என்று விதி மாறியது. பழைய குழிகளில் கிடந்த தகர டப்பாக்களை யார் எடுப்பது? தொண்டர்கள்தான் முதுகில் சுமந்து மலை இறக்கினார்கள். இன்றும் கொட்டகை அடுப்புகளில் பாதி கருகிய அலுமினியத் தாளைப் பொறுக்குகிறார்கள். படித்தவர்கள் போட்டதுதான் அதுவும்.

1968இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதைத் தேசியப் பாதையாக்கியது. மக்காய் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். ஏவரி 1952இலேயே போய்விட்டார். சட்டம் வந்தால் சர்க்கார் ஆட்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது வேறு. 1984இல் தேசியப் பூங்காத் துறை, பாதையைப் பராமரிக்கும் பொறுப்பை அந்தத் தொண்டர் அமைப்பிடமே ஒப்பந்தம் போட்டு ஒப்படைத்தது. ஏவரி பிரித்துக் கொடுத்த முறையில் இப்போது சுமார் 30 சங்கங்கள் ஆளுக்கொரு பகுதியைப் பார்க்கின்றன.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் தென்பகுதியைப் புரட்டிப் போட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மூட வேண்டியதாயிற்று. ஆற்றுப் பாலம்கூட அடித்துக்கொண்டு போனது. விழுந்த மரங்களை அறுக்கச் சங்கத்தார் வாளோடு மீண்டும் மலையேறினார்கள். அந்த வேலை அடுத்த ஆண்டும் தொடர்ந்தது.