வெளியே செல்லும் அனுமதி: குழந்தைகளின் இயற்கைத் தொடர்பு ஆராய்ச்சியில் ஒரு சான்றின் மறுவாசிப்பு

குழந்தைகள் இயற்கையை விட்டு விலகிப் போயினர் என்பதற்குச் சான்று தேடும் ஆராய்ச்சியாளர்கள் அடிக்கடி எடுத்தாளும் கணக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஏழு, எட்டுப் பிராயத்துக் குழந்தைகளுள் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றவர் 1971இல் நூற்றுக்கு 80 பேராக இருக்க, 1990இல் அத்தொகை 9ஆகச் சுருங்கிற்று என்பதே அது. இச்சரிவு திரைகளின் கவர்ச்சியாலும் குழந்தை மனத்தின் நாட்டக் குறைவாலும் விளைந்தது என்று கொண்டு, அந்நாட்டத்தைத் தூண்டுவதே பரிகாரம் என முடிவு கட்டும் மரபு ஒன்று நம் துறையில் வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்கள் பிறந்த மூலநூலை முழுதும் படிப்பவர்க்கு அம்முடிவு பொருந்துவதாகத் தோன்றாது என்பது என் அபிப்பிராயம்.

மேயர் ஹில்மன், ஜான் ஆடம்ஸ், ஜான் வைட்லெக் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ‘ஒன் ஃபால்ஸ் மூவ்’ என்னும் அந்நூல், சாலையைத் தனியே கடந்து செல்லுதல், பள்ளியிலிருந்து தனியே திரும்புதல், பள்ளியல்லாத பிற இடங்களுக்குப் போதல், பேருந்தில் ஏறுதல், இருட்டிய பின் வெளியே செல்லுதல், சாலையில் சைக்கிள் ஓட்டுதல் ஆகியவற்றுக்குப் பெற்றோர் தரும் அனுமதியையே தன் விஷயமாகக் கொண்டது. இவற்றுள் சைக்கிளைப் பற்றிய பகுதியே இவ்வழக்கின் உயிர்நிலை என்று கருதுகிறேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுள் 1971இல் மூன்றில் இரு பங்கினரிடமே இருந்த சைக்கிள், 1990இல் பத்தில் ஒன்பது பேரிடம் இருந்தது. ஆயினும் அதை உடையவர்களுள் சாலையில் ஓட்ட அனுமதி பெற்றவர்கள் மூன்றில் இரு பங்கினின்று நான்கில் ஒரு பங்காகக் குறைந்தனர். நாட்டம் குன்றியிருக்குமாயின் சைக்கிளல்லவா முதலில் குறைந்திருக்க வேண்டும்? குன்றியது அதில் ஏறி வாசலைத் தாண்டும் சுதந்திரமே.

அதே காலத்தில் பிரிட்டனின் வாகனப் போக்குவரத்து ஏறத்தாழ இரு மடங்காயிற்று. சாலை விபத்தில் மாண்ட குழந்தைகளின் தொகையோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாலைகள் பாதுகாப்புப் பெற்றதற்கு இதுவே அத்தாட்சி என்று அரசினர் மகிழ்ந்திருக்கலாம். நூலாசிரியர்கள் மகிழவில்லை. ஆபத்து அகற்றப்படவில்லை, ஆபத்தின் எதிரிலிருந்து குழந்தைகளே அகற்றப்பட்டனர் என்று அவர்கள் வாதித்தார்கள். இவ்வாதத்தைக் கடந்து சென்றுவிட்டு, 80, 9 என்னும் இரண்டு எண்களை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொள்வது அந்நூலுக்குச் செய்யும் அநீதி.

ஒப்பீட்டுக்காக அவர்கள் ஜெர்மனியிலும் இதே வினாக்களைக் கேட்டனர். பிரிட்டனைக் காட்டிலும் கார்கள் மலிந்த அந்நாட்டில், தொலைக்காட்சி வீடுதோறும் இருந்தும், குழந்தைகள் பெற்றிருந்த அனுமதி இங்கிலாந்தினதைவிட மிக அதிகம். 1983இல் புக்ஸ்டெஹூட என்னும் ஊரில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பைப் பரீட்சார்த்தமாகப் புகுத்திய நாடு அது. அதுவே காரணம் என்று நிர்ணயமாகச் சொல்ல நான் முற்படவில்லை. திரை மட்டும் காரணமாகாது என்பதற்கு இவ்வொப்பீடு போதும்.

பிற்காலத் தொடராய்வு இக்கருத்தை மேலும் உறுதிசெய்கிறது. பள்ளியிலிருந்து தனியே வீடு திரும்ப அனுமதி பெற்ற இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 1971இல் நூற்றுக்கு 86 பேர், 1990இல் 35 பேர், 2010இல் 25 பேர். ஜெர்மனியிலோ 2010இலும் 76 பேர். வீழ்ச்சியின் பெரும்பகுதி இணையம் இல்லங்களில் நுழையுமுன்னரே நிகழ்ந்து முடிந்துவிட்டது என்பதைக் காணும்போது, இன்றைய கைபேசியின் மேல் முழுப் பழியையும் சுமத்துவோர் காலக்கிரமத்தையே மறக்கின்றனர் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கு நடப்பதும் ஓடைக்கரையில் விளையாடுவதும் வேறுவேறு அல்லவா என்று ஆக்ஷேபிக்கலாம். ஓடைக்குப் போகும் வழியும் சாலையே. பெற்றோர் வினாத்தாளில் எழுதுவது நடைமுறையினின்று மாறுபடலாம் என்பது மெய்தான். அம்மாறுபாடு எல்லா ஆண்டுகளுக்கும் பொதுவாதலின், இத்தனை பெரிய வேற்றுமையை அது விளைவித்திராது.

இவ்வனுமதியின் எல்லைகளையே வரைந்து பார்த்த ஆராய்ச்சியும் உண்டு. ராஜர் ஹார்ட் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் செய்து 1979இல் நூலாக்கிய ஆராய்ச்சி, குழந்தைகள் கேளாமலே செல்லும் எல்லை, கேட்டுச் செல்லும் எல்லை, பிற குழந்தைகளோடு செல்லும் எல்லை என வகுத்து வரைந்தது. பெரியவர்கள் பேருந்தில் ஏற்றிக் காட்டுக்கு அழைத்துச் சென்று, மாலையில் இயற்கையிடம் அன்பு பெருகிற்றா என்று அளவுகோலால் அளக்கும் ஆய்வுகளில் இந்த எல்லைகளுக்கு இடமே இல்லை. அழைத்துச் செல்லப்பட்ட குழந்தை மறுநாள் தானாக எங்கே போகலாம் என்று அவ்வாய்வுகள் கேட்பதில்லை என்பது எனக்கு மெய்யாகவே வேதனை தருகிறது.

1990ஆம் ஆண்டுக் கணக்கில் சிறுமியர் பெற்ற அனுமதி சிறுவர் பெற்றதினும் குறைவு. இருபாலாரும் பார்த்தது ஒரே தொலைக்காட்சி. இருபாலார்க்கும் வெளியே இருந்தது ஒரே சாலை. நாட்டக் குறைவு என்னும் விளக்கம் இவ்வேற்றுமைக்கு என்ன சொல்லும் என்பதை அதை ஆதரிப்பவர்கள் இனியேனும் எழுத வேண்டும்.